கைநாட்டுக்கு முன்னால் கேள்வி கேட்போம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரகடம் ரோட்டில் லாரிப் புழுதி. வீட்டில் விறகுப் புகை. காலையில் எழுந்தால் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீராய் ஒழுகுது. ராத்திரியில் இளைப்பு, நெஞ்சில் விசில் சத்தம். "சளிதான், சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். கல்யாணமாகாத பெண் என்றால் வெளியிலேயே சொல்வதில்லை. சொல்லாத நோய் கணக்கில் எப்படி வரும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நகரத்திலும் கிராமத்திலும் 15 வயதுக்கு மேற்பட்ட 1,69,575 பேரிடம் விசாரித்தது. நூற்றுக்கு 2 பேருக்கு ஆஸ்துமா இருப்பது தெரிந்தது. நோய் உள்ளவரும் இல்லாதவரும் பதில் சொன்னதால்தான் இந்தக் கணக்கு கிடைத்தது. நம் பக்கத்திலும், போரூர் ஸ்ரீராமச்சந்திரா ஆராய்ச்சியாளர்கள் 2010 முதல் 2015 வரை சென்னை சுற்றுவட்டாரத்தில் 1,285 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஆய்வு செய்தார்கள். காற்றில் நுண்தூசி கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை குறைவதைக் கண்டார்கள்.

ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை ஆய்வுக்கு ஆள் சேர்க்க வருகிறவர்கள் நம் குழுவைத் தேடி வரலாம். "இருபது பேர் பெயர் எழுதிக் கொடுங்கம்மா" என்று கேட்கலாம். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று கேட்காமல் கடன் பாரத்தில் கையெழுத்துப் போடுவோமா? இங்கேயும் கேட்போம்.

யார் நடத்துகிறார்கள்? நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா? கேள்வி மட்டும்தானா, குழாயில் ஊத வேண்டுமா, கையில் ஊசியால் லேசாகக் குத்திப் பார்ப்பார்களா, புது மருந்து தருவார்களா? கெடுதல் வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? முடிவை நமக்குச் சொல்வார்களா?

படிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் விளக்கி, ஆய்வில் சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி முன்னால்தான் கைநாட்டு வாங்க வேண்டும். ஊக்குநர் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்மான நோட்டில் எழுதிக் கொடுத்தால் செல்லாது. அவரவர் சம்மதம் அவரவர்தான் தர வேண்டும். மாட்டேன் என்று சொன்னாலும், நடுவில் விலகினாலும், வழக்கமான வைத்தியத்தை யாரும் நிறுத்தக் கூடாது. குழுக் கடனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. ஒவ்வாமைச் சோதனைக்கு முன் சில நாள் தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். டாக்டர் சொல்லாமல் இன்ஹேலரை மட்டும் நாமாக நிறுத்தவே கூடாது.

கேட்டுப் புரிந்துகொண்டு, மனசுக்குச் சரி என்று பட்டால் தைரியமாகச் சேருவோம். இப்போதே இளைப்பு இருக்கிறவர்கள் ஆய்வு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.