கட்டளையிடக் கற்போம்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கணினியைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் பயின்றது வரலாறு, கற்பிப்பதும் அதுவே. ஆயினும் நம் மாலைநேரக் கல்வி மையத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி நம் கண்ணைத் திறந்தது. அதனையும், அதனால் அறிந்தவற்றையும் இளைஞர்களுக்குச் சொல்லுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

முதற்கண் ஒரு செய்தியை நினைவூட்டுகிறோம். அச்சு இயந்திரம் இந்நாட்டில் பரவிய காலத்தில் நம் முன்னோர் என்ன செய்தனர்? பிறர் அச்சிட்டதைப் படிப்பதோடு நின்றனரா? இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை வெளியிட்டார். அக்காலத்தின் புதிய கருவியை அவர்கள் பயன்படுத்துவோராக மட்டும் இருக்கவில்லை, நடத்துவோராக இருந்தனர். இன்று நம் இளைஞர் முன் உள்ள கேள்வியும் அதுவே. கணினியை நாம் பயன்படுத்துகிறோம், நடத்துகிறோமா?

கணினியோடு பேசுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திரையில் உள்ள படங்களைச் சுட்டி அழுத்துவது. இது நாம் அனைவரும் அறிந்தது. மற்றொன்று, கறுத்த திரையில் எழுத்தால் கட்டளை எழுதுவது. இதனைக் கட்டளைவரி என்பர். படத்தைச் சுட்டுவோன் பிறர் வரைந்து வைத்ததிலிருந்து தேர்ந்தெடுக்கிறான். கட்டளை எழுதுவோன் தனக்கு வேண்டியதைத் தானே சொல்லுகிறான்.

இனி அந்நிகழ்ச்சிக்கு வருவோம். நமது மையத்துக்கு நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் ஒன்றை, நம்மிடம் பயின்று இன்று சென்னையில் பணியாற்றும் மாணவர் ஒருவர் லினக்ஸ் இட்டுச் சர்வராக அமைத்துத் தந்தார். அவர் தந்தையார் கல்லுடைக்கும் தொழிலாளி. மாணவர் பதிவேடு முழுவதும் அதில்தான் உள்ளது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முந்திய மாலை, பதிவேடு திறக்க மறுத்துவிட்டது. ஏறத்தாழ 60 பிள்ளைகளின் விவரங்களை அச்சிட்டு, மறுநாட் காலையில் இ-சேவை மையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். பழுதுபார்ப்பவரோ இரண்டு நாள் கழித்துத்தான் வர இயலும் என்றார். மையத்தில் அன்று இணையமும் இல்லை. ஆகவே அம்மாணவர் சென்னையிலிருந்தே சர்வருக்குள் நுழையவும் வழியில்லை.

தொலைபேசியில் அவரை அழைத்தோம். "ஐயா, கவலைப்படாதீர்கள். நான் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். திரையில் வருவதை எனக்குப் படித்துக் காட்டுங்கள்" என்றார். ஆயிரம் முறை நாம் அவருக்குச் சொல்லெழுதுதல் நடத்தியுள்ளோம். அன்று அவர் நமக்கு நடத்தினார்.

'டிஎஃப்' என்பது முதற்கட்டளை. வட்டில் எவ்வளவு இடம் உள்ளது என்பதைக் காட்டுவது அது. 100 விழுக்காடு நிரம்பிவிட்டதாக விடை வந்தது. 'டியு' என்னும் அடுத்த கட்டளை, எந்த அடைவு அவ்விடத்தை அடைத்துக்கொண்டது என்று காட்டியது. ஒரு சிறு மென்பொருள் தன் பிழைக்குறிப்புகளை இரவும் பகலும் ஒரே கோப்பில் எழுதிக் குவித்திருந்தது. புதிதாக எழுத இடமின்றித் தரவுத்தளம் நின்றுபோயிற்று. 'டெயில்' என்னும் கட்டளையால் அக்கோப்பின் கடைசி வரிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டபின், 'ட்ரன்கேட்' என்னும் கட்டளையால் அதனை வெறுமையாக்கினோம். 'சிஸ்டம்சிடிஎல்' என்னும் கட்டளையால் தரவுத்தளத்தை மீண்டும் இயக்கினோம். பதிவேடு திறந்தது. அரைமணி நேரமே ஆயிற்று. அக்கோப்பு மறுபடியும் அவ்வாறு பெருகாதிருக்க, வாரந்தோறும் அதனைச் சுருக்கும் ஓர் ஏற்பாட்டையும் அவர் பின்னர் செய்து தந்தார்.

இதில் நாம் கண்ட உண்மை யாது? கட்டளை என்பது ஒரு வாக்கியம். வாக்கியமாதலின் அதனைத் தொலைபேசியில் சொல்லலாம், நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம், பிழை இருப்பின் திருத்தலாம், அடுத்தவர்க்குக் கற்பிக்கலாம். அன்று எழுதிய கட்டளைகள் நம் குறிப்பேட்டில் உள்ளன. இன்று அவற்றைக் கொண்டு மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி வாரந்தோறும் அச்சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள், நம்மை அழைப்பதேயில்லை.

கட்டளைகளை ஒன்றோடொன்று இணைக்கவும் இயலும். 'கிரெப்' என்பது வேண்டிய சொல் உள்ள வரிகளைப் பொறுக்கித் தரும். 'டபிள்யூசி' என்பது வரிகளை எண்ணித் தரும். இரண்டுக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு இட்டால், முன்னதன் விடை பின்னதற்குப் போய்ச் சேரும். உதவித்தொகை வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பது நொடியில் தெரிந்துவிடும்.

சிறிய மையத்துக்குப் பொருந்துவது பெரிய நிறுவனத்துக்கும் பொருந்தும். வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை ஆகியவற்றின் மென்பொருள்கள் ஓடும் சர்வர்கள், சென்னை அம்பத்தூர், சிறுசேரி போன்ற இடங்களிலுள்ள தரவு மையங்களில் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தனித் திரை கிடையாது. 'எஸ்எஸ்ஹெச்' என்னும் பாதுகாப்பான வழியில் தொலைவிலிருந்தே நுழைந்து, கட்டளை எழுதியே அவற்றை நிருவகிக்கின்றனர். நூறு சர்வர்களில் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டுமாயின் நூறு முறை சுட்டிக்கொண்டிருக்க இயலுமா? கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, நூறிலும் ஓட்டுவர். உலகின் மிகப் பெரிய 500 மீத்திறன் கணினிகள் யாவும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன.

இவ்வழி பிறந்த வரலாறும் அறியத்தக்கது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸைத் தொடங்கினர். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியது. நமது மாவட்டத் தலைநகரான விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்க்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வருகிறது. ஆகவே, பணமில்லை என்பது இக்கல்விக்குத் தடையன்று. பழைய கணினி போதும். 'மேன்' என்று எழுதிக் கட்டளையின் பெயரையும் எழுதினால், அதன் விளக்க ஏட்டைக் கணினியே திறந்து காட்டும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. நம் செஞ்சிக் கோட்டையின் இராசகிரியில் ஏறியோர் அறிவர்: உச்சிக்கு முன்னர் ஆழ்ந்த பிளவு ஒன்று உண்டு; அதன்மேல் ஒரு சிறு பாலம். அதைக் கடவாமல் உச்சியை அடைய இயலாது. 1690 முதல் 1698 வரை முகலாயர் படை முற்றுகையிட்டும் எளிதில் வீழாத கோட்டை இது. கணினியில் அத்தகைய உச்சி 'ரூட்' என்னும் பயனர். அவருக்குத் தடை என்பது அரிது. 'ஆர்எம்' என்னும் கட்டளையைத் தவறான இடத்தில் எழுதினால், முழுப் பதிவேடும் அழிந்துபோகும். மீட்கும் தொட்டி எதுவும் அங்கே இல்லை. ஆதலின் நாள்தோறும் சாதாரணப் பயனராகவே நுழைக. தேவையான ஒரு செயலுக்கு மட்டும் 'சூடோ' என்று முன்னே எழுதி அதிகாரம் பெறுக. யார், எப்பொழுது, என்ன கட்டளை இட்டார் என்பது குறிப்பில் பதிவாகிவிடும். அதிகாரம் சிறிதாகவும் கணக்குக் காட்டுவதாகவும் இருக்க வேண்டும் என்னும் இப்பாடம் கணினிக்கு மட்டுமன்று.

கணினி எவனுடைய ஊர், எவனுடைய தெரு என்று கேட்பதில்லை. கட்டளை சரியா, உரிமை உண்டா என்பதையே பார்க்கிறது. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்போர் அனைவரும் அவ்வாறே இருப்பர் என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்பதற்காகவே ஒதுக்கப்பட்ட நம் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். கட்டளைகளும் ஆங்கிலச் சுருக்கங்களே. எனினும் அன்றாடப் பணிக்கு ஐம்பது சொற்கள் போதும். பழுதுற்ற சர்வரை எதிரே வைத்து இயக்கிக் காட்டுபவனை ஒதுக்குவது, பேச்சை மட்டும் நம்பி நிற்பவனை ஒதுக்குவதுபோல் அத்துணை எளிதன்று.

ஆகவே சங்கத்தாருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. மாலை மையத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கட்டளைவரி வகுப்பு நடைபெறட்டும். அச்சர்வரே பாடநூல் ஆகட்டும். கற்றவர் ஒவ்வொருவரும் இருவர்க்குக் கற்பிக்கட்டும். நங்கையர் முன்வரிசையில் அமரட்டும்.

நம் பாட்டன்மார் பிறர் இட்ட கட்டளைக்குக் கைகட்டி நின்றனர். நம் தந்தையர் எழுத்தறிந்து, அரசாணையைப் படித்து, உரிமையைக் கேட்டுப் பெற்றனர். இனி வரும் தலைமுறை, தெளிந்து ஆராய்ந்து, பொறுப்போடு கட்டளை எழுதும் தலைமுறையாகுக என்று வாழ்த்துகிறோம்.