கடைசி வாங்கில் இருப்பவன் குற்றவாளியா?



5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என்பது 2016 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் சட்டம். சட்டம் பிள்ளையின் உடலை வகுப்பில் இருத்தும். உள்ளத்தை இருத்த அதற்கு வலுவில்லை.

10 ஆம் தரத்தில், கடைசி வாங்கில், வாய்திறவாது இருக்கும் மாணவனைச் "சோம்பேறி" என்கிறோம். இது விசாரணையின்றி வழங்கும் தீர்ப்பு! வறுமையும் நோயும் சிலரைத் தடுப்பதுண்டு. ஆனால், பலர் கீழ்வகுப்பிலேயே பின்னக் கணக்கைத் தவறவிட்டவர்கள். விளங்காமலே ஆண்டுதோறும் வகுப்பேறினார்கள். பின்னம் அறியாதவனுக்கு அட்சரகணிதம் எவ்வாறு விளங்கும்? கேட்டால் நகைப்பார்களென அஞ்சி முதலில் வாயை மூடினான். நாளடைவில் செவியையும் மூடிக்கொண்டான். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதுதான் நாம் விழிக்கிறோம்.

கமக்காரப் பெருமக்களே! கடைசிப் பாத்தி வாடினால் பயிரையா குற்றஞ்சாட்டுவீர்கள்? வாய்க்கால் எங்கே உடைந்ததென்று தேடமாட்டீர்களா?

கற்றறிந்தோரே! வாரத்தில் ஒரு மாலை ஊர் வாசிகசாலைக்கு வாருங்கள். 10 ஆம் தரப் புத்தகத்தை மூடிவையுங்கள். அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். அவன் கேட்கும்போது நகையாதீர்கள்.

உரிமை கேட்கும் சமூகம், தன் பிள்ளை கேட்கும் கேள்விக்குச் செவிசாய்க்க மறுக்கலாமா?