எண்ணிய பிறகே அப்பம் பெருகியது

(வானொலி மறையுரை)



ஐந்து அப்பம், இரண்டு மீன் புதுமையை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஐயாயிரம் ஆண்கள் வயிறார உண்டார்கள், பன்னிரண்டு கூடை மீந்தது என்பது மறைக்கல்வி வகுப்பின் முதல் வரிசையில் உட்காரும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தப் புதுமைக்கு முன்னால் நடந்த ஒரு சிறு வேலையை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பொழுது சாய்கிறது, மக்களை அனுப்பிவிடும் என்று சீடர்கள் சொன்னபோது, எத்தனை அப்பம் இருக்கிறது என்று போய்ப் பார்த்து வரும்படி ஆண்டவர் அவர்களையே அனுப்பினார். மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் இதைக் காண்கிறோம். அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அவர்களை எண்ண வைத்தார். அவர்கள் போனார்கள், பார்த்தார்கள், உள்ளதை உள்ளபடி வந்து சொன்னார்கள். அதன் பிறகே அவர் அப்பத்தைக் கையில் எடுத்தார்.

இந்த ஒழுங்கை இன்று நம் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் பள்ளிகளில் மரக்கன்று நடுகிறோம். ஓவியப் போட்டி வைக்கிறோம், உறுதிமொழி எடுக்கிறோம், படம் பிடிக்கிறோம். பல இடங்களில் அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று நடப்படுகிறது. போன ஆண்டுக் கன்று என்ன ஆயிற்று என்று கேட்பார் இல்லை. 1991-இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பாடம் வந்தது, நல்லது. அந்தப் பாடத்தில் அமேசான் காடு இருக்கிறது, உருகும் பனிமலை இருக்கிறது. நம் பள்ளிக் குழாய் ஒழுகுவது அதில் இருக்காது. அதை நம் பிள்ளைகள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 'பசுமைப் பள்ளிகள் திட்டம்' ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. அதில் மாணவர்களே தங்கள் பள்ளியைத் தணிக்கை செய்கிறார்கள். காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்று ஆறு தலைப்புகள். அளந்து, எண்ணி, படிவத்தில் எழுதி, எங்கே குறை என்று கண்டுபிடிக்கிறார்கள். 1994-இல் ஐரோப்பாவில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் 'சூழல் பள்ளிகள்' இயக்கமும் இதே வழியில்தான் போகிறது: முதலில் மாணவர்கள் பங்கேற்கும் ஒரு குழு, பிறகு நிலைமையை ஆராய்தல், பிறகு ஒரு செயல்திட்டம், பிறகு அது நடக்கிறதா என்று விடாமல் பார்த்தல்.

அளந்து பார்த்துச் செய்வது இந்த உப்பளக் கரையில் வாழும் நமக்குப் புதிதல்ல. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. அது பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து, சுமார் 25 டிகிரிக்கு வரும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. அனுபவசாலி கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனாலும் மானியை நீரில் விட்டுப் பார்த்த பிறகே அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுவார். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் செய்வதைத்தான் பிள்ளையைப் பள்ளியில் செய்யச் சொல்கிறோம்.

சரி, எதை எண்ணுவது?

முதலில் தண்ணீர். ஒழுகும் குழாய் நொடிக்கு ஒரு சொட்டு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் போகிறது. ஓர் ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. நம் பக்கத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதனால் பள்ளிகளில் ஆர்.ஓ. எந்திரம் வைக்கிறோம். குடிக்க ஒரு குடம் கொடுக்க அந்த எந்திரம் எத்தனை குடத்தை வெளியே தள்ளுகிறது? ஒரு வாளியை வைத்துப் பிடித்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். அந்த நீரைக் கழிப்பறைக்குத் திருப்ப முடியுமா என்ற கேள்வியும் அந்த வாளியிலிருந்தே பிறக்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் கிடைக்கும். நம் பள்ளிக் கூரையிலிருந்து இறங்கும் குழாய் தொட்டிக்குப் போகிறதா, பாதியில் உடைந்து நிற்கிறதா என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்து மின்சாரம். ஒரு மின்விசிறி ஏறத்தாழ 75 வாட். மதிய உணவு வேளையில் ஆளில்லாத வகுப்புகளில் பத்து விசிறிகள் ஒரு மணி நேரம் சுழன்றால் முக்கால் யூனிட். ஆண்டுக்கு 200 பள்ளி நாள்கள் என்றால் 150 யூனிட். யாருக்கும் காற்று வராமல் போன பணம் அது.

அடுத்து உணவும் குப்பையும். மீந்த அப்பத் துண்டுகளை ஒன்றும் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அவ்வளவு பெரிய புதுமை செய்யக்கூடியவருக்கு மீந்த துண்டு எதற்கு? ஆனாலும் அதை விடவில்லை. சத்துணவில் தினமும் எவ்வளவு சோறு தட்டிலேயே மீந்து போகிறது? ஒரு வாரம் பள்ளிக் குப்பையைத் தரம் பிரித்து, தராசில் நிறுத்துப் பார்க்கட்டும். மட்கும் குப்பை எவ்வளவு, காகிதம் எவ்வளவு, நெகிழி எவ்வளவு? 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்கு நம் மாநிலத்தில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. தடை இருக்கும்போது இந்தக் கோப்பையும் பையும் எந்த வழியாகப் பள்ளிக்குள் வந்தன என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

இங்கே எறிவது எங்கே போகிறது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கிலிருந்து நெடுந்தூரம் வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவது நம் மரக்காணத்தில். அருகிலேயே கழுவேலி. 5,151 ஹெக்டேருக்கு மேல் பரந்த அந்தச் சதுப்புநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. உப்புக்கல்லி ஓடையும் எடையன்திட்டு கழிமுகமும் அதைக் கடலோடு இணைக்கின்றன. வாய்க்காலில் விழும் ஓர் உறை ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து கடலுக்குப் போகும். கடல்நீர்தானே உப்பாகிறது? நம் நாட்டுக் கடைகளில் விற்கும் உப்பில் நெகிழியின் நுண்துகள்கள் இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் கண்டறிந்து சொன்னார்கள். உப்பு சாரமற்றுப் போனால் எதனால் அதைச் சாரமுள்ளதாக்குவது என்று ஆண்டவர் கேட்டார். உப்பால் உலை வைக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி சோற்றுப் பானையைத் தொடுகிற கேள்வி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் வடிய வேண்டிய வாய்க்காலை நாமே குப்பையால் அடைத்து வைத்தால் அந்தத் துன்பம் இன்னும் இரண்டு நாள் நீளும்.

அன்புக்குரியவர்களே, இந்தக் கணக்கை எடுக்கும்போது ஓர் ஆச்சரியமும் நமக்குக் காத்திருக்கிறது. பள்ளிக்கு எப்படி வருகிறாய் என்று கேட்டால், நடந்து வருகிற பிள்ளையும் மிதிவண்டியில் வருகிற பிள்ளையும்தான் காற்றுக்கு மிகக் குறைந்த கெடுதல் செய்பவர்கள். வீட்டிலிருந்து பழைய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, மதியம் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டு, அதைக் கழுவிப் பையில் வைக்கிற பிள்ளை குப்பையே போடுவதில்லை. அதுவரை வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்று பார்க்கப்பட்டவர், இந்தக் கணக்கில் முதல் வரிசைக்கு வருகிறார். கலிலேயாவிலும் அப்படித்தான் நடந்தது. இருநூறு தெனாரியத்துக்கு வாங்கினாலும் போதாதே என்று பிலிப்பு திகைத்து நின்றபோது, கையில் ஏதோ இருந்தவன் ஒரு சிறுவன். அதுவும் வாற்கோதுமை அப்பம், ஏழைகளின் சாப்பாடு. ஏழ்மை அப்படியே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடம் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று சொல்கிறோம்.

இந்தப் பணியில் மூன்று காரியங்களில் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, உண்மை. நல்ல ஒப்புரவு அருளடையாளத்துக்குத் தேவையானவை என்று நாம் கற்றவற்றை நினைத்துப் பார்ப்போம். மனச்சான்றை ஆய்வு செய்தல், மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுத்தல், அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். பள்ளித் தணிக்கையும் ஒரு மனச்சான்று ஆய்வு. பரிசும் கேடயமும் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் குறைகளை மறைத்துப் படிவத்தை நிரப்பினால், பாவத்தை ஒளித்து வைத்துச் செய்த பாவசங்கீர்த்தனம் போல் ஆகிவிடும். மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை, கண்டதை எழுது என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் துணை வரும்.

இரண்டாவது, சமத்துவம். சுற்றுச்சூழல் மன்றம் என்ற பெயரில் குறிப்பிட்ட சில பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவவும் குப்பை அள்ளவும் அனுப்புவது அநீதி. யார் வீட்டுப் பிள்ளை துடைப்பம் எடுக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை குறிப்பேடு எடுக்கிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குறிப்பேடும் தராசும் எல்லார் கைக்கும் முறைவைத்துப் போகட்டும். கையுறை இல்லாமல் எந்தப் பிள்ளையும் குப்பையைத் தொட வேண்டாம்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. பிள்ளைகள் எண்ணி வந்து சொன்ன பிறகு பெரியவர்களாகிய நாம் என்ன செய்யப் போகிறோம்? பங்குத் திருவிழா முடிந்த மறுநாள் பள்ளித் திடலை அவர்கள் எண்ணினால் என்ன கிடைக்கும்? காகிதம் போலத் தோன்றும் நெகிழி பூசிய தட்டுகள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள், தோரணங்கள். அவற்றைப் போட்டவர்கள் பிள்ளைகள் அல்ல. அந்தக் கணக்கைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட நமக்கு மனம் வருமா? அடுத்த திருவிழா விருந்துக்கு வாழையிலையும் தேய்த்துக் கழுவும் டம்ளரும் வைக்க நாம் தயாரா?

ஒழுகும் குழாயைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. அதை மாற்றப் பணம் ஒதுக்குவது நம் வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவும், பெற்றோர் ஆசிரியர் கழகமும், பங்குப் பேரவையும் பிள்ளைகளின் அறிக்கையைத் தங்கள் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இன்ன தேதிக்குள் இதைச் செய்வோம் என்று எழுதித் தர வேண்டும். எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால் அதையும் காரணத்தோடு சொல்லலாம், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். எண்ணச் சொல்லிவிட்டு, எண்ணியதைக் கோப்பில் போட்டு மூடினால், உண்மையைச் சொன்னாலும் எதுவும் மாறாது என்று நாமே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அதைவிடக் கெட்ட பாடம் வேறு இல்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 211-ஆம் எண்ணில், நெகிழியைக் குறைப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, குப்பையைத் தரம் பிரிப்பது, உண்ணும் அளவுக்கே சமைப்பது, மரம் நடுவது, தேவையில்லாத விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அகில உலகத் திரு அவைக்கு எழுதும்போதும் விளக்கு அணைப்பதைச் சிறிய காரியம் என்று அவர் ஒதுக்கவில்லை. நம் பக்கத்து நடுக்குப்பத்தில், ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் வனத்தைச் சேர்ந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து நாட்டு மரங்களையும் மூலிகைகளையும் வளர்த்து, அதையே பாடமாக்கியிருக்கிறார்கள். இந்த மண்ணில் அது நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நம் பள்ளியிலும் பூவரசும் புங்கனும் பனையும் நட்டு, நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஆண்டுதோறும் எண்ணலாம்.

ஆகவே இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்வோம். நம் வீட்டுப் பிள்ளையிடம், உன் பள்ளியில் எத்தனை குழாய் இருக்கிறது, அவற்றில் எத்தனை ஒழுகுகிறது என்று கேட்போம். தெரியாது என்றால், போய்ப் பார்த்து வா என்று அனுப்புவோம். பார்த்து வந்து சொன்னால் காது கொடுத்துக் கேட்போம். அதோடு தலைமையாசிரியரிடம் நாமும் கூடப் போவோம்.

எங்கள் பிள்ளைகள் கொண்டுவரும் சிறிய கணக்கையும் உம் கைகளில் ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரே, அதைக் கேட்கும் செவியையும், கேட்டபடி செய்யும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். நீர் தந்த கடலையும் உப்பளத்தையும் கழுவேலிக்கு வரும் பறவைகளையும் ஆசீர்வதியும். ஆமென்.