கடைசிப் படகு போன பிறகு

சுபாங் ஜெயாவில் பணி ஓய்வு பெற்ற சிலருக்கு ஓர் ஆசை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கெத்தாம் தீவில் போய் நிம்மதியாக இருந்துவிடலாம் என்பார்கள். கொமுட்டர் ரயில் ஏறினால் நேராகப் போர்ட் கிள்ளான், அங்கிருந்து படகு. ஆசை வராமல் என்ன செய்யும்!

தீவில் இரண்டு கிராமங்கள் உள்ளன. ஒன்று பூலாவ் கெத்தாம், மற்றது அதைவிடச் சிறிய சுங்கை லீமா. இரண்டும் சீன மீனவர் ஊர்கள். சேற்றின்மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள். கார் கிடையாது, சைக்கிள்தான். முருங்கை வளர்ப்பதென்றால் தொட்டியில்தான் வளர்க்க வேண்டும்.

அமைதி மட்டும் போதுமென்றால் சுங்கை லீமாவே மேல். பெரிய கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுப்பயணிகள் கூட்டம் தாங்காது. ஆனால் கணவருக்கு இனிப்புநீர், மனைவிக்கு இரத்த அழுத்தம் என்றிருக்கும் குடும்பம் அமைதியை மட்டும் பார்க்கலாமா? அரசாங்கக் கிளினிக், காவல் நிலையம், கடைத்தெரு எல்லாம் பெரிய கிராமத்தில்தான். சுங்கை லீமாவிலிருந்து அங்கு வரவே படகு ஏற வேண்டும்.

கடும் நோய் என்றால் இரண்டு ஊராரும் கடல் கடந்து கிள்ளான் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். பயணிகள் படகோ மாலையோடு நின்றுவிடும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் பக்கத்து வீட்டு மீனவரை எழுப்ப வேண்டியதுதான். அவரிடம் விவரம் சொல்ல மலாயோ ஹொக்கியனோ கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். பகலில் வீட்டு அம்மாவுக்குத் தமிழில் பேச்சுத்துணை யார்? இதை ஆண்கள் கேட்பதே இல்லை.

போகத்தான் வேண்டுமென்றால் பெரிய கிராமமே உகந்தது. அதற்கும் முன்பாக, சுபாங் ஜெயா வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்காமல், மழைக்காலத்தில் ஒரு வாரநாள் இருவரும் போய், கடைசிப் படகைப் போகவிட்டு, இரவு தங்கிப் பார்க்கட்டும்.