"இல்லை" என்னும் சொல்லின் எல்லை

"சீனியும் பாலும் இல்லாவிட்டால் கடைக்குப் போய் வா" என்று தாய் மகனிடம் கூறிச் செல்கிறாள். வீட்டில் சீனி இருக்கிறது; பால் இல்லை. மகன் போகவேண்டுமா, வேண்டாமா? இரண்டும் ஒருங்கே இல்லாதபோதுதான் போகவேண்டும் என்பது ஒரு பொருள். இரண்டில் எது குறைந்தாலும் போகவேண்டும் என்பது மற்றொரு பொருள். எண்ணும்மையோடு எதிர்மறை கூடும்போது நம் மொழி இவ்வாறு இரு வழி காட்டும். தாயின் மனமறிந்த மகன் தவறமாட்டான். கணினியோ மனமறியாது, எழுதியதை எழுதியவாறே செய்யும்.

அன்றாட வேலைகளைக் கணினி தானாகவே செய்யுமாறு எழுதப்படும் சிறு கட்டளைத் தொகுதியை ஸ்கிரிப்ட் என்பர். ஒரு கோப்புறையிலுள்ள கணக்குக் கோப்புகளையும் கடிதக் கோப்புகளையும் விட்டுவிட்டு, ஏனையவற்றை அழிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்ட் எழுதுபவர், "கோப்பு கணக்கு அன்று, அல்லது கடிதம் அன்று எனின், அழி" என்று எழுதுகிறார். செவிக்கு இது சரியாகவே ஒலிக்கிறது. ஆயின் விளைவு யாது? கணக்குக் கோப்பு வருகிறது. அது கடிதம் அன்று, நிபந்தனையின் பிற்பகுதி மெய்யாகிறது, கோப்பு அழிகிறது. கடிதம் வருகிறது. அது கணக்கு அன்று, முற்பகுதி மெய்யாகிறது, அதுவும் அழிகிறது. ஒரே கோப்பு கணக்காகவும் கடிதமாகவும் இருத்தல் இயலாதாகையால், எக்கோப்பும் தப்பாது. எழுதியிருக்கவேண்டியது, "கணக்கும் அன்று, கடிதமும் அன்று" என்பதே.

இங்கே மறைந்திருக்கும் விதி ஒரு கணிதப் பேராசிரியரின் பெயரால் வழங்குகிறது. அகஸ்டஸ் டி மார்கன் என்னும் அவர், 1806ஆம் ஆண்டு பிறந்த இடம் நம் மதுரை மாநகரம். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணிபுரிந்தவர். குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்த டி மார்கன், சில மாதங்களிலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1828இல் இலண்டனில் பேராசிரியரானார். அவருடைய தருக்க நூலும், ஜார்ஜ் பூல் தருக்கத்தைக் கணிதமாக்கிய முதல் நூலும் 1847ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. விதியின் கருத்தைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே ஒக்காம் வில்லியம் சொற்களில் கூறியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விதி இதுதான். "இதுவோ அதுவோ" என்பதை முழுமையாக மறுத்தால், "இதுவும் அன்று, அதுவும் அன்று" என்றாகும். "இதுவும் அதுவும்" என்பதை மறுத்தால், "இது அன்று, அல்லது அது அன்று" என்றாகும். மறை அடைப்புக்குறிக்குள் நுழையும்போது, நடுவிலுள்ள இணைப்பும் மாறியே தீரும். இணைப்பை மாற்ற மறப்பதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

இன்னொரு பொறியும் உண்டு. மறைக்குறி எதுவரை சென்று பற்றும் என்பது மொழிக்கு மொழி வேறுபடும். சி மொழியில் வியப்புக்குறியே மறைக்குறி. அது சமன்பார்க்கும் குறியினும் முந்திச் செயற்படும். வயது ஐந்துக்குச் சமமன்று என்று கருதி, வயதின் முன்னே அக்குறியை இட்டால், முதலில் வயதே மறுக்கப்பட்டுச் சுழியமாகவோ ஒன்றாகவோ மாறிவிடும். அதன் பின்னரே ஐந்துடன் ஒப்பிடப்படும். பைதன் மொழியின் "நாட்" என்னும் சொல்லோ ஒப்பீடு முடிந்தபின்பே மறுக்கும். அவ்விரு மொழிகளிலும் "உம்" இணைப்பு, "அல்லது" இணைப்பினும் முந்தியது. யுனிக்ஸ் ஷெல்லில் கட்டளைகளை இணைக்கும் அவ்விரு குறிகளும் சம தரத்தன. இடமிருந்து வலமாகவே செல்லும். இவற்றையெல்லாம் மனனம் செய்வதிலும் அடைப்புக்குறி இடுவது எளிது.

ஐயம் எழுந்தால் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதினாற் போதும்: இரண்டும் மெய், முதலாவது மட்டும் மெய், இரண்டாவது மட்டும் மெய், இரண்டும் பொய். ஒவ்வொரு வரிக்கும் நிபந்தனை என்ன விடை தருகிறது என்று பார்க்கலாம். அழிக்கும் ஸ்கிரிப்டாயின் இன்னும் ஒரு வழி உண்டு. "அழி" என்ற இடத்தில், முதன்முறை, "பெயரை எழுதிக் காட்டு" என்று இடுவது. திரையில் தோன்றும் பட்டியலில் கணக்குக் கோப்பின் பெயரும் இருக்குமாயின், பிழை வெளிப்பட்டுவிடும். கோப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.