சும்மா கிடைக்கிற ஆப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

(வடக்குத்தில் ஊர்க்காரர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

உங்கள் கையில் இருக்கிற போனை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. காசு கொடுத்து வாங்கிய ஆப் எத்தனை இருக்கு? அநேகமாக ஒன்றுகூட இருக்காது. எல்லாமே இலவசம்தான். அதில் சில பெரிய கம்பெனிகளுடையது. சில அரசாங்கத்துடையது. மிச்சம் கொஞ்சம் இருக்கிறது பாருங்க, அது யாரோ ஒருத்தர் வேலைக்குப் போய் வந்த பிறகு, ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதியது. இன்றைக்கு அந்த மூன்றாவது வகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏனென்றால் நானும் அந்த ஆள்தான்.

நான் ஷிப்ட் வேலைக்காரன். கம்ப்யூட்டர் படிப்பு படித்தவன் இல்லை. 2022 செப்டம்பர் 10-ம் தேதி மின்கட்டணம் மாறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஒரே கேள்வி: "500 யூனிட் தாண்டினா என்னப்பா ஆகும்?" இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் அப்போதைய கணக்குப்படி 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுதல். ஏன்? அப்போது முதல் 100 இலவசம், அது எல்லோருக்கும். ஆனால் 101-லிருந்து 200 வரைக்கும் 2 ரூபாய் 25 காசு என்கிற சலுகை 500-க்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். தாண்டிவிட்டால் அந்த 100 யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு. அதில் போகிறது 225. 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். கூட்டிப் பாருங்க, சரியாக வரும்.

இதைப் பேப்பரில் ஒவ்வொருத்தருக்கும் போட்டுக் காட்டி அலுத்துப்போய்த்தான் ஆப் செய்ய உட்கார்ந்தேன். ஆப் இன்வென்டர் என்று ஒன்று இருக்கிறது. 2010-ல் கூகுள் ஆரம்பித்தது, பிறகு எம்.ஐ.டி. நடத்துகிறது. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். பிள்ளைகள் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்குகிற மாதிரி 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று கட்டங்களைக் கோர்த்தால் போதும். பிரவுசரிலேயே வேலை நடக்கும். முதல் வடிவம் மூன்று வாரத்தில் வந்தது. முந்தைய ரீடிங், இன்றைய ரீடிங், ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

அதை உருப்படியாக்கியது நான் இல்லை. பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா. "தம்பி, பில்லு எவ்வளவுன்னு மீட்டர் பார்க்கிறவங்க வந்தா தெரிஞ்சிடப் போவுது. எனக்கு வேண்டியது அது இல்ல. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் ஓட்டினா 500-க்குள்ள நிக்கும்னு சொல்லு" என்றார். அவருக்கு அது கணக்குப் பயிற்சி இல்லை, மோட்டார் வைத்த மெஷினை எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்கிற பிழைப்பு விஷயம். இன்றைக்கு அந்த ஆப்பில் எல்லோரும் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். இன்னொருத்தர் எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னார். மீட்டர் பெட்டி இருட்டான மூலையில் இருக்கிறது, எட்டிப் பார்த்து எண்ணைப் படித்துவிட்டுத் தட்ட வேண்டும், பொத்தான் கட்டைவிரல் அளவுக்கு இருக்கட்டும் என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

தமிழில் இப்படி ஓய்வு நேரத்தில் விளைந்தது நிறைய இருக்கிறது. கணினியில் தமிழ் அடிக்க முகுந்த் கொடுத்த இ-கலப்பையை ஒரு தலைமுறையே பயன்படுத்தியது. நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் இராஜாராமன் தன் ஆர்வத்தில் உருவாக்கிய நாவியும் வாணியும் சந்திப்பிழை, எழுத்துப்பிழை பார்த்துத் தருகின்றன. பயன்படுத்துகிற நம்மில் எத்தனை பேர் அவர்களுக்கு ஒரு வரி எழுதியிருப்போம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆப் செய்வது சுலபம். அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு. 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி மாறியது. அறிவிப்பு மாத நடுவில் வந்தது, அமலானது 1-ம் தேதியிலிருந்து. எனக்கு அந்த வாரம் முழுக்க நைட் ஷிப்ட். காலையில் வந்து தூங்காமல் திருத்தினேன். ஏன் தூங்கவில்லை? தெருவில் எல்லோரும் இந்த எண்ணை நம்பி ஏ.சி. போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். இலவசமாகக் கொடுத்தால் பொறுப்பும் இலவசமாகப் போய்விடாது.

பிளே ஸ்டோரில் போடும்போதுதான் இன்னொரு வேடிக்கை. கணக்குத் தொடங்க ஒரே தடவை 25 டாலர். அது பரவாயில்லை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஆப்பைப் பொதுவில் விடுவதற்கு முன் ஆட்களைச் சேர்த்து, அவர்கள் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றார்கள், 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள். பெரிய ஊரில் பெரிய ஆபீசில் இருப்பவருக்கு 12 பேர் ஒரு விஷயமா? நான் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்று ஆள் பிடித்தேன். "ஜிமெயில் ஐடி சொல்லுங்கண்ணே" என்றால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், நல்ல பழக்கம் அது! பதினோரு பேர் சேர்ந்து, பன்னிரண்டாவது ஆளாக என் மாமியார் வந்தார். 14 நாளும் விடாமல் திறந்து பார்த்தது அவர் ஒருத்தர்தான்.

போட்டு முடித்தால் தீர்ந்ததா? இல்லை. வருஷா வருஷம் ஆண்ட்ராய்டு புதுசாகிறது. அதற்கேற்ப ஆப்பையும் புதுப்பிக்க வேண்டும். பொதுவாக ஆகஸ்ட் 31 கெடு. விட்டுவிட்டால், ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு வேலை செய்யும், ஆனால் புதுப் போன் வாங்குகிறவர் தேடினால் கிடைக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஆப் திடீரென்று காணாமல் போனால் பெரும்பாலும் காரணம் இதுதான். எழுதியவருக்குக் குழந்தை பிறந்திருக்கும், இல்லை வேலை மாறியிருக்கும்.

இல்லையென்றால் விற்றிருப்பார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்லோவாகியா நாட்டைச் சேர்ந்த திபோர் கபுதா என்பவர் 'சிம்பிள் மொபைல் டூல்ஸ்' என்ற பெயரில் கேலரி, காலண்டர், தொடர்பு எண்கள், கோப்பு மேலாளர் என்று வரிசையாக எளிய ஆப்கள் செய்தார். விளம்பரம் இல்லை, தேவையில்லாத அனுமதி கேட்பதில்லை, மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருந்தது. அதனால்தான் ஜனங்கள் நம்பினார்கள். 2023 கடைசியில் அதை ஜிபோஆப்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். விற்றது அவர் உரிமை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயன்படுத்துகிறவர் நிலையைப் பாருங்க. போனில் அதே ஐகான், அதே பெயர். உள்ளே எஜமானர் மாறிவிட்டார். ஆட்டோ அப்டேட் போட்டிருந்தால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

நிரல் திறந்திருந்ததால் ஒரு நல்லது நடந்தது. அதில் ஏற்கெனவே பங்களித்து வந்த நவீன் சிங் என்பவர் பழைய நிரலைப் பிரதியெடுத்து 'ஃபாஸிஃபை' என்ற பெயரில் தொடர்ந்தார். விளம்பரமில்லாத அந்தக் கேலரி அந்தப் பெயரில் இன்றும் கிடைக்கிறது. வீட்டுக்காரர் வீட்டை விற்றாலும் வரைபடம் ஊர்ப் பொதுவில் இருந்தால் இன்னொருத்தர் அதே மாதிரி கட்டிக்கொள்ளலாம், அந்த மாதிரிதான். அதனால்தான் நானும் என் நிரலைத் திறந்து வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்று ஆனால் நீங்கள் யாராவது எடுத்துச் செய்யலாம்.

எனக்கும் ஒரு மெயில் வந்தது. ஆப்பில் சின்னதாக ஒரு நிரல்துண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மாதா மாதம் பணம் தருகிறோம் என்று. அது என்ன செய்யும் என்று கேட்டால் பதில் சுற்றிச் சுற்றி வந்தது. தொகை சின்னது இல்லை, எங்கள் வீட்டு மளிகைச் செலவுக்கு ஆகும். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். என் ஆப் இருப்பிடம் கேட்பதில்லை, தொடர்பு எண்கள் கேட்பதில்லை, இன்டர்நெட் அனுமதிகூட அதற்குக் கிடையாது. மீட்டர் கணக்குப் போட அதெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வியை நீங்கள் எல்லா ஆப்பிடமும் கேளுங்க. டார்ச் லைட்டுக்கு எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி எதற்கு? பிளே ஸ்டோரில் 'தரவுப் பாதுகாப்பு' என்று ஒரு பகுதி இருக்கும். படியுங்கள், ஆனால் அது ஆப் செய்தவரே தன்னைப் பற்றிக் கொடுக்கும் வாக்குமூலம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது ரொம்ப முக்கியம். அரசு சம்பந்தமான தகவலைத் தனியார் ஆப் காட்டினால், 'இது அரசு ஆப் அல்ல' என்றும், தகவல் எங்கிருந்து எடுத்தது என்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிளே ஸ்டோர் விதியே அது. என் ஆப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்: இது மின்வாரிய ஆப் இல்லை, இதில் பணம் கட்ட முடியாது. அப்படியும் ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர் போனோடு ஓடி வந்தார். "நீதானே ஈ.பி. ஆப் வச்சிருக்கே, கரண்டைக் கட் பண்ணாதேன்னு சொல்லுப்பா." பார்த்தால் ஒரு எஸ்.எம்.எஸ். போன மாத பில் கட்டவில்லை, இன்றிரவு ஒன்பதரைக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று. அவர் பேசியும்விட்டார். எதிர்முனையில் இருந்தவன் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, அது பாதி இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி அழித்தேன். நல்லவேளை, பணம் போகவில்லை.

பெரியவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "தாத்தா, நமக்கு பில்லு மாசா மாசமா வருது?" யோசித்தார். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே! 'போன மாத பில்' என்ற வார்த்தையே பொய் என்று காட்டிக்கொடுத்துவிட்டது. மின்சாரம் பற்றிச் சந்தேகம் என்றால் மின்னகம் எண் 94987 94987. பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930. வாட்ஸ்அப்பில் யாராவது ஏ.பி.கே. கோப்பு அனுப்பினால் தொடாதீங்க. அது என் ஆப் என்று சொன்னாலும் தொடாதீங்க.

இனி, உங்களிடம் நான் எதிர்பார்ப்பது. காசு வேண்டாம். "ஒர்க் ஆகல, வேஸ்ட்" என்று ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறீர்கள். அதை வைத்து நான் என்ன செய்வது? இப்படி எழுதிப் பாருங்க: 'எந்தப் போன், ஆண்ட்ராய்டு எத்தனை, எந்தப் பக்கத்தில் இருந்தேன், எந்த எண்ணைத் தட்டினேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும்.' முடிந்தால் ஒரு ஸ்க்ரீன்ஷாட். ஆனால் அதில் உங்கள் மின் இணைப்பு எண் தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்க. இப்படி ஒரு கடிதம் வந்தால் எனக்கு ஒரு ராத்திரி மிச்சம். அரசு ஆப்களுக்கும் இதே மாதிரி எழுதலாம், அங்கேயும் படிப்பது மனிதர்கள்தான்.

கடைசியாக ஒரு விஷயம். இங்கே பின்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருக்கிறது. ஆர்ச் கேட்டிலிருந்து மந்தாரக்குப்பம் பக்கம் போகும் பஸ் நேரங்களைத் தானே நின்று குறித்து ஒரு ஆப் செய்திருக்கிறது. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள், இன்னும் நாலு பேர் வேண்டும். 14 நாள், தினமும் ஒரு தடவை திறந்து பார்த்து, பஸ் நேரம் தப்பாக இருந்தால் சொல்ல வேண்டும். பாப்பா, கொஞ்சம் எழுந்து நில்லும்மா. யார் யார் பேர் கொடுக்கிறீங்க?