அழைக்கப்படாத இரண்டாமவன்



காலை மணி ஒலித்ததும் வகுப்பாசிரியர் செய்யும் முதற் பணி யாது? இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுதலே. இடாப்பைத் திறவாத ஆசிரியருக்கு முன்வாங்கில் இருக்கும் பிள்ளையை மட்டுமே தெரியும். பின்வாங்கில் இருப்பவன் எத்துணைக் கெட்டிக்காரனாயினும் அவனுக்கு வேலை கிடைப்பதில்லை. கணினியினுள்ளும் இத்தகைய இடாப்பு ஒன்று உண்டு. அதனைத் திறவாமையால் எங்கள் பாடசாலையில் நேர்ந்ததையே இன்று சொல்ல விழைகின்றேன்.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். கலைப் பட்டதாரியேயன்றி நுட்பம் பயின்றவன் அல்லன். பிறநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர், தாம் பாவித்த மடிக்கணினியை எங்களுக்கு அன்பளித்தார். அதன் செயலியில் இரண்டு கருக்கள் உண்டு. கரு என்பது கணக்கிடும் உறுப்பு. ஆங்கிலத்தில் கோர் என்பர். தோட்டத்தில் இருவர் மண்வெட்டி பிடிப்பது போல, அவை ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்ய வல்லன.

அதிலிருந்த பழைய இயங்குதளம் காலங்கடந்துவிட்டமையால், பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் 1991 இல் தொடக்கிய லினக்ஸை நிறுவினோம். அது அக்கணினியில் இயங்குமெனச் செய்தவர்கள் உறுதி கூறியிருக்கவில்லை. தொடங்கும்போதே அது பாதிவழியில் உறைந்து நின்றது. நிறுவ வந்தவர் தொடக்கக் கட்டளையில் ‘ஏசிபிஐ ஓஃப்’ என்னும் சொல்லைச் சேர்த்தார், இயங்கிற்று. “ஓடுகிறதல்லவா, இனித் தொடவேண்டாம்” என்று கூறியவன் நானே.

அதன் பின் அக்கணினி மாட்டுவண்டியாயிற்று. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் பழைய ஏடொன்றைப் பிள்ளைகள் திறந்தால், பக்கம் புரளுமுன் பாடவேளை முடிந்துவிடும். மின்கலத்தில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதும் தெரியவில்லை. கழித்துவிடும் பொருட்பட்டியலில் அதனைச் சேர்க்க ஆயத்தமானேன்.

அவ்வேளை உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ‘என்புரொக்’ என்ற கட்டளையைத் தட்டினாள். இயங்கும் கருக்களின் தொகையை அது கூறும். விடை 1 என வந்தது. “சேர், இரண்டு இருக்கவேண்டுமே” என்றாள்.

காரணம் இதுதான். ஏசிபிஐ என்பது இன்டெல், மைக்ரோசொவ்ட், தோசிபா ஆகிய நிறுவனங்கள் 1996 இல் வெளியிட்ட நியமம். கணினியில் எத்தனை கருக்கள் உள, மின்கலம் எந்நிலையில் உளது என்பவற்றை இயங்குதளத்துக்கு அறிவிக்கும் அட்டவணைகள் அதனைச் சார்ந்தவை. பல செயலிகளை ஆளும் ஆற்றலை லினக்ஸ் அதே ஆண்டு யூன் மாதம் வெளிவந்த 2.0 ஆம் பதிப்பிலேயே பெற்றுவிட்டது. ஆயினும் பெயர்ப்பட்டியல் வேண்டுமன்றோ? நாம் ஏசிபிஐயை முற்றாக நிறுத்தியபோது இடாப்பையே மூடிவிட்டோம். முதலில் விழித்த கரு மட்டும் உழைத்தது, மற்றது உறங்கிற்று.

பரிகாரத்தையும் அவளே தேடினாள். கணினி தொடங்கும் வேளையில் ‘கிரப்’ பட்டியலிலே ‘ஈ’ என்னும் எழுத்தை அழுத்தினால், கட்டளையை அந்த ஒரு தடவைக்கு மட்டும் மாற்றலாம். பிழைத்தாலும் மறுமுறை பழையபடி தொடங்கும். அச்சொல்லை நீக்கினாள், முன்போல் உறைந்தது. அதற்குப் பதிலாக ‘பிசிஐ சமன் நோஏசிபிஐ’ என எழுதினாள். முழு இடாப்பையும் மூடாமல், உட்சாதனங்களை இணைக்கும் பகுதியில் மட்டும் ஏசிபிஐயை விலக்குவது இது. கணினி எழுந்தது. என்புரொக் 2 என்றது! அதன் பின்னரே மாற்றத்தை நிலையாகப் பதிந்தோம்.

இருவர் சேர்ந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும் என எண்ணற்க. ஜீன் அம்டால் 1967 இல் விளக்கியவாறு, பகிர முடியாத பகுதி எப்போதும் எஞ்சும். நான்கு நிமிட வேலையில் ஒரு நிமிடம் பகிரவியலாததாயின், இரு கருக்களுக்கு இரண்டரை நிமிடம் வேண்டும். எனினும் எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே பெரும் பேறு.

நேயர்களே, அவசரத்துக்குக் கட்டிய கட்டு, புண் ஆறிய பின்னும் அவிழ்க்கப்படாவிடின் அதுவே விலங்காகும். உங்கள் வீட்டிலும் பழைய கணினி இருப்பின், எறியுமுன் அதன் கருக்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நானோ இப்போது வகுப்புகளுக்குச் செல்லும்போது பின்வாங்கையும் பார்க்கின்றேன்.